வீட்டில் மென்மையான சோப்பு: காரக் கணக்கு முதல் காத்திருப்பு வரை

சோப்பு செய்யக் கற்றுக்கொள்ள வருகிறவர்கள் முதலில் கேட்பது எந்த வாசனை போடலாம், எந்த இலையை அரைத்துச் சேர்க்கலாம் என்றுதான். தராசு இருக்கிறதா என்று நான் திருப்பிக் கேட்டால் முகம் வாடிவிடும். ஆனால் சோப்பு தோலுக்கு இதமாக இருக்குமா, எரிச்சல் தருமா என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் மூன்றே விஷயங்கள்: எந்த எண்ணெய் எவ்வளவு, காரம் (எண்ணெயைச் சோப்பாக்கும் காஸ்டிக் சோடா) எத்தனை கிராம், எத்தனை வாரம் பொறுத்திருந்தோம். இலையும் பூவும் அதற்கப்புறம்தான்.

இங்கே சொல்வது அடுப்பில் வைத்துக் காய்ச்சாமல் செய்யும் குளிர் முறை. படிகளின் வரிசையை மாற்றாதீர்கள். ஒவ்வொன்றும் அந்த இடத்தில் இருப்பதற்குக் காரணம் இருக்கிறது, அதையும் சேர்த்தே சொல்கிறேன்.

1. பாத்திரத்துக்குள் என்ன நடக்கிறது

எண்ணெயின் ஒரு மூலக்கூறு என்பது ஒரு கிளிசரால் முதுகெலும்பும், அதில் தொங்கும் மூன்று கொழுப்பு அமிலச் சங்கிலிகளும். காஸ்டிக் சோடா, அதாவது சோடியம் ஹைட்ராக்சைடு, இந்தச் சங்கிலிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, ஒவ்வொன்றோடும் ஒரு சோடியத்தைக் கோத்துவிடுகிறது. அப்படிச் சோடியம் கோத்த சங்கிலிதான் சோப்பு. மிஞ்சும் முதுகெலும்பு கிளிசரின்.

மூன்று சங்கிலிக்கு மூன்று காரம் என்று இது எண்ணிக்கை பிசகாத வினை. காரம் குறைந்தால் கொஞ்சம் எண்ணெய் எண்ணெயாகவே நின்றுவிடும், பரவாயில்லை. காரம் கூடினால் பிடிக்கச் சங்கிலி இல்லாமல் அது சோப்புக்குள்ளேயே உட்கார்ந்திருந்து உங்கள் தோலைப் பிடிக்கும்.

அடிக்கடி கேட்கும் ஒரு கேள்வி: "காஸ்டிக் சோடா இல்லாமல் செய்ய முடியாதா?" முடியாது. சலவைச் சோடாவோ சமையல் சோடாவோ இந்த வேலையைச் செய்யாது, அவை அவ்வளவு வலுவான காரம் இல்லை. கடையில் கிடைக்கும் சோப்புக் கட்டியை உருக்கி ஊற்றுவதில் காரத்தைத் தொட வேண்டியதில்லை, உண்மைதான். வேறொருவர் முன்பே அதைச் செய்து முடித்துவிட்டார், அவ்வளவுதான்.

2. எண்ணெயைத் தேர்வு செய்வது

தேங்காய் எண்ணெயில் ஏறக்குறைய பாதி லாரிக் அமிலம், பன்னிரண்டு கார்பன் நீளமுள்ள குட்டையான சங்கிலி. அதிலிருந்து வரும் சோப்பு சட்டென்று கரையும், பெரிய நுரை தரும், கட்டி கெட்டியாக இருக்கும். அதே வேகத்தில் தோலின் சொந்த எண்ணெயையும் வழித்துக்கொண்டு போய்விடும். குளித்து முடித்ததும் முகம் இழுத்துப் பிடிக்கிறதே, அந்த உணர்வு பெரும்பாலும் இதன் வேலை.

ஆலிவ் எண்ணெயில் பெரும்பகுதி ஒலீயிக் அமிலம், பதினெட்டு கார்பன். இதன் சோப்பு சாது. ஆனால் நுரை குறைவு, கொஞ்சம் வழவழப்பு, இறுகவும் நாளாகும். விளக்கெண்ணெயில் உள்ள ரிசினோலீயிக் அமிலம் நுரையை நிலைக்க வைக்கிறது. பத்து சதவீதத்தைத் தாண்டினால் மட்டும் கட்டி பிசுபிசுக்கத் தொடங்கும்.

எனவே என் கணக்கு இது. மொத்த எண்ணெய் 500 கிராம்: ஆலிவ் 325, தேங்காய் 125, விளக்கெண்ணெய் 50. தேங்காய் எண்ணெய் கால் பங்கில் நிற்கிறது. புதிதாகத் தொடங்குபவர்கள் நுரைக்கு ஆசைப்பட்டு அதைப் பாதிக்கு மேல் ஏற்றுவார்கள், இரண்டு வாரம் கழித்து கை வறள்கிறது என்று வருவார்கள்.

3. காரக் கணக்கு

இந்தப் பகுதியை மட்டும் தாண்டிப் போகாதீர்கள்.

ஒவ்வொரு எண்ணெய்க்கும் சோப்பாக்கல் எண் என்று ஒன்று உண்டு. ஒரு கிராம் எண்ணெயை முழுதாகச் சோப்பாக்க எவ்வளவு காரம் வேண்டும் என்பதுதான் அது. ஆய்வகப் பட்டியல்களில் இது பொட்டாசியம் ஹைட்ராக்சைடுக்கு மில்லிகிராமில் இருக்கும். அந்த எண்ணை 0.713 ஆல் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் சோடியம் ஹைட்ராக்சைடின் கிராம் கிடைக்கும், ஏனென்றால் இரண்டின் மூலக்கூறு எடை விகிதம் 40-க்கு 56.1. பட்டியலில் பார்த்த எண்ணை அப்படியே எடுத்துப் போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். கிட்டத்தட்ட நாற்பது சதவீதம் கூடுதல் காரம், அந்தக் கட்டியைத் தரைகூடத் துடைக்கப் பயன்படுத்த முடியாது.

நம் மூன்று எண்ணெய்களுக்கும் சோடியம் ஹைட்ராக்சைடு எண்கள்: ஆலிவ் 0.135, தேங்காய் 0.183, விளக்கெண்ணெய் 0.128. பெருக்கினால் 43.9, 22.9, 6.4. கூட்டினால் சுமார் 73.2 கிராம்.

இந்த 73.2 ஐயும் போடக் கூடாது. ஒரே எண்ணெய்க்கே விளைச்சலைப் பொறுத்து, சுத்திகரித்த விதத்தைப் பொறுத்து சோப்பாக்கல் எண் சில சதவீதம் ஏறி இறங்கும். அதனால் ஐந்து சதவீதம் குறைத்து 69.5 கிராம் எடுத்துக்கொள்கிறோம். இப்படி வேண்டுமென்றே எண்ணெயை மிச்சம் விடுவதற்கு சூப்பர்ஃபேட் என்று பெயர். தோலுக்கு ஊட்டம் என்று பலர் சொல்வார்கள், இருக்கட்டும், என் பார்வையில் அது முதலில் ஒரு பாதுகாப்பு இடைவெளி. ஐந்திலிருந்து எட்டு வரை நல்ல எல்லை. பத்தைத் தாண்டினால் கட்டி மெழுகுபோல ஆகி, சீக்கிரம் சிக்கு வாடை வரும்.

தண்ணீர் காரத்தைப்போல் இரண்டு மடங்கு, அதாவது 139 கிராம். தண்ணீர் வினையில் பங்கெடுப்பதில்லை, காரத்தைக் கரைத்து எண்ணெயிடம் கொண்டுசேர்க்கும் வண்டி மட்டும்தான். அதனால் பத்து கிராம் கூடக் குறைய இருந்தாலும் சோப்பு கெடாது. காரத்தில் அப்படி விளையாட முடியாது.

இங்கே நடக்கும் தவறுகள் ஒன்றிரண்டு இல்லை.

முதலாவது, அளவுக் குவளை. எண்ணெயை மில்லிலிட்டரில் அளந்தால் 500 மில்லி என்பது சுமார் 460 கிராம்தான். அதற்கு வேண்டிய முழுக் காரமே 67.3 கிராம். நீங்கள் 69.5 போட்டிருப்பீர்கள். சூப்பர்ஃபேட் போய், இரண்டு கிராமுக்கு மேல் காரம் தனியாக நிற்கும். என் முதல் சோப்பு இப்படித்தான் எரிந்தது, குவளையில் கோடு வரை சரியாக ஊற்றியிருந்தேன் என்று நாள் முழுக்க வாதாடியும் இருக்கிறேன்.

இரண்டாவது, எண்ணெயை மாற்றுவது. தேங்காய் எண்ணெய் தீர்ந்துவிட்டது, அந்த 125 கிராமுக்கும் ஆலிவையே ஊற்றிவிடலாம் என்று தோன்றும். மொத்தம் 500 தானே? ஆனால் அப்போது தேவைப்படும் முழுக் காரம் 67.2 கிராமாகக் குறைந்துவிடும், மறுபடியும் அதே எரிச்சல். ஒரு எண்ணெயை மாற்றினால் கணக்கை முதலிலிருந்து போடுங்கள்.

மூன்றாவது, சிக்கனம். முதல்முறைதானே, 100 கிராம் எண்ணெயில் செய்து பார்க்கலாம் என்பார்கள். அதற்குக் காரம் 14 கிராம்கூட வராது. ஒரு கிராம் பிசகும் தராசில் அது ஏழு சதவீதப் பிழை, சூப்பர்ஃபேட் முழுவதையும் விழுங்கிவிடும். 500 கிராம் எண்ணெய்க்கு அதே ஒரு கிராம் ஒன்றரை சதவீதம்கூட இல்லை. சின்ன அளவில் செய்வது ஆபத்து குறைவு என்பது இந்த வேலையில் தலைகீழ்.

அப்புறம் காரத்தின் தூய்மை. மூடி சரியாக இல்லாத டப்பாவில் காஸ்டிக் சோடா காற்றிலுள்ள ஈரத்தையும் கார்பன் டை ஆக்சைடையும் இழுத்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாகச் சோடியம் கார்பனேட்டாக மாறும். தூய்மை 90 சதவீதத்துக்கு இறங்கிவிட்டால் உங்கள் 69.5 கிராமில் வேலை செய்வது 62.5 தான், சூப்பர்ஃபேட் பதினான்கு சதவீதத்தைத் தாண்டிவிடும். கட்டி இறுகவே மாட்டேன் என்கிறது என்ற புகாரில் பாதி இதுதான். அடைப்பு நீக்கும் பொடிகளை வாங்காதீர்கள், அவற்றில் அலுமினியத் துகள் போன்ற வேறு சமாச்சாரங்களும் கலந்திருக்கலாம்.

4. தொடங்கும் முன் மேசையில் இருக்க வேண்டியவை

0.1 கிராம் காட்டும் தராசு இருந்தால் நல்லது, குறைந்தது ஒரு கிராமாவது. எவர்சில்வர் பாத்திரம் ஒன்று, காரத்துக்குத் தடித்த பாலிப்ரொப்பிலீன் குவளை ஒன்று, சிலிகான் கரண்டி, ஹேண்ட் பிளெண்டர், வெப்பமானி, சிலிகான் அச்சு அல்லது உள்ளே தாள் விரித்த மரப்பெட்டி. கண்ணைச் சுற்றிலும் மூடும் பாதுகாப்புக் கண்ணாடி, ரப்பர் கையுறை, முழுக்கைச் சட்டை. மூக்குக்கண்ணாடி போட்டிருக்கிறேனே என்றால் போதாது, தெறிப்பு பக்கவாட்டில்தான் வரும்.

அலுமினியம் எங்கேயும் வரக் கூடாது. காரம் அதைத் தின்று ஹைட்ரஜன் வாயுவை வெளியேற்றும். பிளெண்டரின் அடிப்பகுதியையும் திருப்பிப் பாருங்கள், சிலவற்றில் அது அலுமினியம்தான். கண்ணாடிப் பாத்திரத்தைக் காரம் மெல்ல அரிக்கும், ஒருநாள் சூட்டில் விரிசல் விடும். மரக்கரண்டி நார்நாராகப் பிரிந்து சோப்புக்குள் வரும்.

எல்லாவற்றையும் எடைபோட்டு வரிசையாக வைத்துவிட்டுத்தான் காரத்தைத் திறக்க வேண்டும். கலக்கத் தொடங்கியபின் விளக்கெண்ணெய் பாட்டிலைத் தேடி அலமாரியைத் துழாவுவது நல்ல அனுபவம் இல்லை.

தோலில் காரம் பட்டால் ஓடும் தண்ணீரில் இருபது நிமிடமாவது விடாமல் கழுவுங்கள். வினிகரை ஊற்றாதீர்கள். அமிலமும் காரமும் சேரும்போது வெப்பம் வரும், கழுவுவதும் தாமதமாகும். கண்ணில் பட்டால் கழுவிக்கொண்டே உடனே மருத்துவரிடம் போக வேண்டும். குழந்தைகளும் வளர்ப்புப் பிராணிகளும் அந்த நேரத்தில் வேறு அறையில் இருக்கட்டும்.

5. காரக் கரைசல்

குளிர்ந்த தண்ணீரை முதலில் எடுங்கள். அதில் காரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிக் கலக்குங்கள். காரத்தின் மேல் தண்ணீரை ஊற்றுவது ஒருபோதும் கூடாது. ஊற்றும் சிறிதளவு தண்ணீர் அந்த இடத்திலேயே கொதித்து, காரத்தோடு உங்கள் மேல் தெறிக்கும்.

காரம் கரையும்போதே கரைசல் 80, 90 டிகிரி செல்சியஸ் வரை ஏறும், அடுப்பே இல்லாமல். முதல் சில நிமிடம் வரும் ஆவியில் காரத்துளிகள் இருக்கும், முகத்தைக் குனிந்து பார்க்காதீர்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள். கலக்குவதை நிறுத்திவிட்டால் காரம் அடியில் பாறையாக உட்கார்ந்துவிடும், பிறகு அதைக் கரைக்க ரொம்ப நேரமாகும்.

தண்ணீர் காய்ச்சி வடித்ததாக இருக்க வேண்டும். கடின நீரில் உள்ள கால்சியமும் மெக்னீசியமும் சோப்பைப் பிடித்துக் கரையாத அழுக்காக மாற்றும், இரும்புத் துணுக்குகள் எண்ணெய் சிக்குப் பிடிப்பதை வேகப்படுத்தும்.

இதை எண்ணெய்க்கு முன்பே செய்வதன் காரணம் எளிது: இது ஆற அரைமணி நேரத்துக்கு மேல் ஆகும். ஆறும் குவளையில் பெயர் எழுதி வையுங்கள். பார்க்கப் பச்சைத் தண்ணீர் மாதிரியே இருக்கும்.

6. எண்ணெயைத் தயார் செய்தல்

தேங்காய் எண்ணெய் உறைந்திருந்தால் உருக்கி, மற்ற இரண்டையும் அதில் ஊற்றுங்கள். எண்ணெயும் கரைசலும் 35 முதல் 45 டிகிரிக்குள் வந்ததும் கலக்கலாம். இரண்டும் ஒரே டிகிரியில் இருக்க வேண்டும் என்று வெப்பமானியோடு மல்லுக்கட்ட வேண்டாம். ரொம்பக் குளிர்ந்தால் உறையும் கொழுப்பு கெட்டியாகி, சோப்பாகாமலே சோப்புபோல நடிக்கும். ரொம்பச் சூடாக இருந்தால் கலவை கைமீறி இறுகிவிடும்.

7. கலப்பதும் ட்ரேஸும்

கரைசலை எண்ணெய்க்குள் மெல்லிய தாரையாக ஊற்றுங்கள். பிளெண்டரின் தலை முழுவதும் மூழ்கிய பிறகே சுவிட்சைப் போடுங்கள், இல்லாவிட்டால் சுவரெல்லாம் சோப்பு. சில விநாடி ஓட்டி, நிறுத்தி, அதையே கரண்டியாக்கிக் கலக்கி, மறுபடி ஓட்ட வேண்டும். நிறுத்தாமல் ஓட்டினால் நிமிடங்களில் இட்லி மாவாகிவிடும், வாசனை சேர்க்கக்கூட நேரம் இருக்காது.

எண்ணெயும் தண்ணீரும் சேராதவை. அதனால் முதலில் வினை அவை தொடும் விளிம்பில் மட்டும் நத்தை வேகத்தில் நடக்கும். பிளெண்டர் அந்த விளிம்பைப் பலமடங்கு பெரிதாக்குகிறது. உண்டாகும் முதல் சோப்பே மீதி எண்ணெயையும் தண்ணீரையும் ஒட்டவைக்க, வினை தானே வேகம் பிடிக்கிறது.

கரண்டியைத் தூக்கிச் சொட்டினால் மேற்பரப்பில் ஒரு கோடு கணநேரம் நின்று மறைகிறதா, அதுதான் ட்ரேஸ். இனி பிரியாது என்பதற்கான அடையாளம். சந்தேகமாக இருந்தால் ஒரு நிமிடம் அசையாமல் விட்டுப் பாருங்கள்: மேலே எண்ணெய்ப் படலம் மிதந்தால் அது பொய் ட்ரேஸ், லேசாகச் சூடாக்கித் திரும்பக் கலக்க வேண்டும்.

8. சேர்மானங்கள்

மென்மைதான் நோக்கம் என்றால் எதுவுமே சேர்க்காத கட்டிக்குத்தான் என் வாக்கு. வாசனை எண்ணெய்கள் தோலை உறுத்தும் பொருள்களில் முக்கியமானவை. கட்டாயம் வேண்டுமென்றால் எண்ணெய் எடையில் இரண்டு சதவீதத்தைத் தாண்டாதீர்கள். கிராம்பு, இலவங்கப்பட்டை எண்ணெய்களைத் தவிருங்கள், அவை தோலுக்கும் கடுமை, கலவையையும் கணத்தில் இறுக்கிவிடும்.

எலுமிச்சைச் சாறு விட்டால் காரம் தணியும் என்ற நம்பிக்கை பலருக்கு இருக்கிறது. தணியும், ஆனால் கணக்கில் இல்லாமல். நீரற்ற சிட்ரிக் அமிலம் 10 கிராம் சுமார் 6.2 கிராம் காரத்தைச் சாப்பிட்டுவிடும். அந்தக் காரத்தைக் கூடுதலாகப் போட்டால்தான் சூப்பர்ஃபேட் நாம் வைத்த இடத்தில் நிற்கும். அப்படி முறையாகச் சேர்த்தால் உருவாகும் சோடியம் சிட்ரேட் கடின நீரின் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு அழுக்குப் படிவதைக் குறைக்கிறது. அதற்காகச் சேர்ப்பது நியாயம்.

பாலும் தேனும் சர்க்கரை கொண்டவை, காரத்தில் கருகும், கலவையைச் சூடேற்றி அச்சிலிருந்து பொங்க வைக்கும். முதல்முறை வேண்டாமே. அரைத்த பச்சை இலையும் பழக்கூழும் கட்டிக்குள் பழுப்பாகும், சில நேரம் பூஞ்சையும் பிடிக்கும்.

9. அச்சும் முதல் இரண்டு நாளும்

ஊற்றி, அச்சை மேசையில் தட்டிக் காற்றுக் குமிழிகளை வெளியேற்றி, மேலே தாள் மூடி வையுங்கள். சில மணி நேரத்தில் நடுவில் சூடேறி, கூழ்போலக் கண்ணாடித்தன்மை வந்து வெளிப்பக்கம் பரவலாம். பயப்பட ஒன்றுமில்லை, வினை முழுவேகத்தில் நடக்கிறது. நடுவில் மட்டும் வந்து நின்றுவிட்டால் கட்டியில் வட்டமாக ஒரு நிறபேதம் தெரியும், அழகுக் குறைதான்.

மேலே வெள்ளைப் பொடி படிந்தால் அது சோடியம் கார்பனேட், காற்றும் காரமும் சந்தித்ததன் விளைவு. மூடி வைப்பது அதற்காகத்தான். படிந்தாலும் ஈரத்துணியால் துடைத்துவிடலாம்.

ஆலிவ் அதிகமிருப்பதால் இது 24 மணி நேரத்தில் இறுகாமல் போகலாம். 48 மணி நேரம் வரை விடுங்கள். அச்சிலிருந்து எடுக்கும்போதும் வெட்டும்போதும் கையுறை வேண்டும்.

10. காத்திருப்பு

காரம் இரண்டு மூன்று நாளிலேயே பெரும்பாலும் தீர்ந்துவிடும். அப்புறம் எதற்கு நான்கு முதல் ஆறு வாரம்? தண்ணீர் வெளியேற, சோப்பின் படிக அமைப்பு ஒழுங்காக. இளம் கட்டி குளியலறையில் நான்கே நாளில் கரைந்து போகும், வழவழக்கும், நுரையும் வராது. அதே கட்டி ஆறாவது வாரத்தில் வேறு சோப்பு.

காற்றோட்டமான இடத்தில் ஒன்றையொன்று தொடாமல் அடுக்கி, வாரம் ஒருமுறை ஒரு கட்டியை எடைபோட்டுக் குறியுங்கள். எடை இறங்குவது நின்றால் தயார். நாள்காட்டியைவிட இதை நம்பலாம். இரும்புக் கம்பித் தட்டில் அடுக்காதீர்கள், தொடும் இடத்தில் ஆரஞ்சுப் புள்ளிகள் வரும், அது சிக்குப் பிடிப்பதன் தொடக்கம்.

இன்னொன்று. அமிலமா காரமா என்று காட்டும் பிஎச் தாளில் 9, 10 என்று காட்டினால் பதற வேண்டாம் (ஏழு என்றால் நடுநிலை, அதற்கு மேல் காரம்). உண்மையான சோப்பு எல்லாமே அந்த எல்லையில்தான் இருக்கும். ஏழுக்கு இறக்க அமிலம் ஊற்றினால் சோப்பு மறுபடியும் கொழுப்பு அமிலமாகப் பிரிந்துவிடும், கையில் மிஞ்சுவது எண்ணெய்ப் பிசுக்கு. பி‌எச் எண் மட்டும் மென்மையைச் சொல்லாது. காரத்தின் பிடியில் வெளியான கிளிசரின் இந்த அளவுக்கு 50 கிராமுக்கு மேல் கட்டிக்குள்ளேயே இருக்கிறது, இதத்தில் அதற்கும் பங்குண்டு.

மிஞ்சிய காரம் இருக்கிறதா என்று அறிய, மூன்று நாள் கழித்து ஈர விரலைக் கட்டியில் தேய்த்து நாக்கு நுனியில் லேசாக வைத்துப் பாருங்கள். சோப்புச் சுவை மட்டும் இருந்தால் சரி. மின்கலத்தைத் தொட்டதுபோல் சுரீர் என்றால் காரம் மிச்சம். ஒரு வாரம் விட்டு மறுபடி பாருங்கள்.

11. தப்பிப் போனால்

ஒரு வாரத்துக்குப் பிறகும் சுரீர் என்கிறதா? எங்கே பிசகியது என்று தெரிந்தால் காப்பாற்றலாம். உதாரணமாக விளக்கெண்ணெய் 50 கிராம் விட்டுப்போயிருந்தால், கட்டியைத் துருவி, கொஞ்சம் தண்ணீர் தெளித்து, கொதிநீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்து உருக்கி, விட்டுப்போன 50 கிராமைக் கலந்து, மறுபடி அச்சில் அழுத்தலாம். பார்க்கக் கரடுமுரடாக இருக்கும், குளிக்க நன்றாகவே இருக்கும்.

கட்டிக்குள் வெள்ளைக் குழிகளும் அவற்றில் திரவமும் தெரிந்தால் கலவை பிரிந்திருக்கிறது, அந்தத் திரவம் காரமாகவே இருக்கலாம், கையால் தொடாமல் இதே முறையில் உருக்குங்கள். கட்டி எண்ணெய் கசிந்தபடி மென்மையாகவே கிடந்தால் காரம் பழசாகியிருக்கும், புது டப்பா வாங்குங்கள்.

எதில் பிசகியது என்று தெரியவில்லை என்றால் தூக்கிப் போட்டுவிடுங்கள். குத்துமதிப்பாக எண்ணெய் ஊற்றித் திருத்திய சோப்பை நான் யாருக்கும் கொடுப்பதில்லை. அதனால்தான் ஒவ்வொரு பொருளையும் எடைபோட்டதும் எண்ணை எழுதி, பாத்திரத்தில் ஊற்றியதும் அதன் பக்கத்தில் ஒரு டிக் போடும் வழக்கம் எனக்கு வந்தது. விளக்கெண்ணெயை மறந்த அந்தக் கட்டி என்னுடையதுதான்.